சங்கீதப் போட்டிக்குத் தயாராக வீட்டுக் கம்ப்யூட்டர்

கர்நாடக சங்கீதப் போட்டிக்கும் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். பாட்டுக்குக் குரு வேண்டும், சுருதிப்பெட்டி வேண்டும், விடியற்காலை எழுந்து சாதகம் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் எதற்கு?

நானும் அப்படித்தான் நினைத்தேன். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் செல்லும் சாலையை ஒட்டிய கரிசல் கிராமம் ஒன்று என் ஊர். இன்ஜினியரிங் படித்த நான்கு ஆண்டுகளில் மூன்று முறை பல்கலைக்கழக அளவிலான கர்நாடக இசைப் போட்டியில் கலந்து கொண்டேன். முதல் முறை கம்ப்யூட்டரின் உதவி இல்லாமல் தோற்றேன். இரண்டாம் முறை கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே நம்பியதால் தோற்றேன். மூன்றாம் முறைதான் அதை எதற்குக் கேட்க வேண்டும், எதற்குக் கேட்கக் கூடாது என்று தெரிந்தது. இடையில் நான் செய்த ஒரு தவறை இன்றுவரை சரி செய்ய முடியவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் படித்துக் கொண்டே பாடும் தம்பி, தங்கைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் என் அனுபவம் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

போட்டி எப்படி நடக்கும்?

கல்லூரி மாணவர்களுக்கான போட்டிகளில் பெரியது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் இளைஞர் விழா. முதலில் கல்லூரி, பிறகு பல்கலைக்கழகம், அடுத்து மண்டலம், கடைசியாகத் தேசிய அளவு என்று படிப்படியாகப் போகும். சாஸ்திரிய இசை வாய்ப்பாட்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒருவருக்குத்தான் இடம். கர்நாடக இசை, ஹிந்துஸ்தானி இசை இரண்டில் எதையும் பாடலாம். சினிமாப் பாட்டு கூடாது. பக்கவாத்தியம் அதிகபட்சம் இரண்டு பேர். பாடுவதற்கு 15 நிமிடம், மேடையில் உட்கார்ந்து சுருதி சேர்த்துக் கொள்ள 5 நிமிடம். ஸ்வரம், தாளம், ராகத் தேர்வு, உருப்படி, மொத்தத்தில் ஏற்படும் அபிப்பிராயம் ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் தருவார்கள்.

15 நிமிடம் என்பது கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும். ஆலாபனைக்கு 4 நிமிடம், கிருதிக்கு 7 நிமிடம், கல்பனாஸ்வரத்துக்கு 3 நிமிடம், கைவசம் 1 நிமிடம் என்று பிரித்தால்தான் அது எவ்வளவு குறைவு என்று புரியும். முதல் போட்டியில் எனக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆலாபனையில் மட்டும் எட்டு நிமிடம் போய்விட்டது. கல்பனாஸ்வரம் ஆரம்பித்த இடத்திலேயே மணி அடித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்துச் சங்கீதம்

கரிசல் காடு என்றதும் பருத்தியும் கம்பும் தீப்பெட்டியும் கடலை மிட்டாயும்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் தம் கடைசி நாட்களைக் கழித்து, 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் மறைந்தது எட்டயபுரத்தில்தான். அவருடைய நினைவிடமும் அங்கேதான் இருக்கிறது. ராக ஆலாபனைக்குப் பேர் பெற்ற விளாத்திகுளம் சாமிகள் இந்த மண்ணைச் சேர்ந்தவர். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921 - 1964) கோவில்பட்டியில் வாழ்ந்தவர்.

எனக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவரும் ஒரு நாதஸ்வரக்காரர்தான். கோயில் சேவகத்திலும் கல்யாண வாசிப்பிலும் காலம் தள்ளியவர். பிள்ளைகள் யாரும் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. ஏழாம் வகுப்பு படிக்கும்போது அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். வாசித்துக் காட்டுவார், நான் பாட வேண்டும். நோட்டில் எழுதிக் கொள்ள விடமாட்டார். தோடி என்றால் அவருக்கு உயிர்.

அப்பாவுக்குச் சிறிய பலசரக்குக் கடை. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கொண்டிருந்தார். பாட்டு வேண்டாம் என்று இருவரும் சொன்னதில்லை. ஆனால் முதல் போட்டியில் தோற்று வந்ததும், "காலேஜ் முடியுற மட்டும் பாடுய்யா. அதுக்கப்புறம் வேலையைப் பாரு" என்று அப்பா ஒரு வரம்பு போட்டுவிட்டார். ஐயாவுக்கும் வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அவருடைய தோடியை ஒரு பெரிய மேடையில் பாடிவிட வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு எனக்கு மிஞ்சியிருந்தது இரண்டு ஆண்டுகள்.

முதல் வேலை: குரலைப் பதிவு செய்தல்

வீட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று இருந்தது. 2 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். இந்த வேலைக்கு அது போதும். இப்போது உங்களிடம் இருக்கும் எந்த லேப்டாப்பும் அதைவிட மேலானதாகத்தான் இருக்கும்.

ஆடியோ பதிவுக்கு நான் பயன்படுத்தியது ஆடாசிட்டி. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இலவச சாப்ட்வேர். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். இதில் பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

1. மோனோவாகப் பதிவு செய்யவும். ஒரே ஒரு குரலுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. சாம்பிள் ரேட் 44,100 என்று இருக்கட்டும்.

2. வேவ் பைலாகச் சேமிக்கவும். 15 நிமிடப் பாட்டு 16 பிட் மோனோவில் சுமார் 79 எம்.பி. இடம் பிடிக்கும். எம்.பி.3யாக 128 கேபிபிஎஸ் அளவில் மாற்றினால் சுமார் 14 எம்.பி. போதும். ஆனால் எம்.பி.3 நண்பர்களுக்கு அனுப்பத்தான். மூலப்பிரதி எப்போதும் வேவ் பைலாகவே இருக்கட்டும்.

3. தம்புரா சத்தம் மைக்கில் விழக் கூடாது. இது மிக முக்கியம். தம்புராவை மொபைலில் ஓட விட்டு, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக் கொள்ளுங்கள். மற்றொரு காது உங்கள் குரலைக் கேட்கட்டும். இப்படிச் செய்தால்தான் கம்ப்யூட்டர் உங்கள் குரலை மட்டும் அளக்கும்.

4. நீங்கள் உச்சத்தில் பாடும்போதும் மீட்டர் சிவப்பைத் தொடக் கூடாது. மைனஸ் 6 டெசிபல் அளவில் நின்றால் நல்லது.

5. மின்விசிறியை நிறுத்திவிடவும். எங்கள் ஊர் வெயிலில் இது கொடுமைதான். அதனால் காலை நாலரை மணிக்கே பதிவு செய்துவிடுவேன்.

அறையில் எதிரொலி இருந்தால் அளவு தவறும். எங்கள் வீட்டில் மாசி, பங்குனியில் பருத்தி மூட்டைகளை அடுக்கி வைக்கும் அறை ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து பாடினால் எதிரொலி அறவே இருக்காது. பருத்தி மூட்டை இல்லாதவர்கள் மெத்தை, போர்வைகளைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தால் போதும்.

சுருதியை அளப்பது எப்படி?

இதற்கு உதவுவது பிராட் என்ற இலவச சாப்ட்வேர். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் போர்ஸ்மா, டேவிட் வீனிங்க் இருவரும் பேச்சொலி ஆராய்ச்சிக்காக உருவாக்கியது. டச்சு மொழியில் 'பிராட்' என்றால் 'பேசு' என்று பொருள். பாட்டுக்காக எழுதப்பட்டது இல்லை என்றாலும், குரல் எந்த நொடியில் எந்த உயரத்தில் இருந்தது என்று கோடாக வரைந்து காட்டிவிடும்.

வேவ் பைலை இதில் திறந்து, 'வியூ அண்ட் எடிட்' பட்டனைக் கிளிக் செய்யவும். பிறகு பிட்ச் மெனுவில் 'ஷோ பிட்ச்' என்பதைத் தேர்வு செய்யவும். நீல நிறக் கோடு தெரியும். கோடு தெரியவில்லையே என்று பலர் இந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். திரையில் 10 நொடிக்கு மேற்பட்ட பகுதி இருந்தால் கோடு வராது. ஜூம் செய்து பார்க்கவும்.

அடுத்து பிட்ச் செட்டிங்ஸில் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளைக் கொடுக்க வேண்டும். என் சுருதி ஒன்றரைக் கட்டை. அதன் மத்திய ஸ்தாயி சட்ஜம் சுமார் 138.6 ஹெர்ட்ஸ். ஆகவே 90 முதல் 500 வரை கொடுத்தேன். ஐந்து கட்டையில் பாடும் பெண்கள் 130 முதல் 650 வரை கொடுக்கலாம்.

இனி கணக்கு எளிது. சட்ஜத்தை ஒன்றரையால் பெருக்கினால் பஞ்சமம். இரண்டால் பெருக்கினால் தார ஸ்தாயி சட்ஜம். எனக்குப் பஞ்சமம் சுமார் 208, மேல் சட்ஜம் சுமார் 277. நீங்கள் நீண்டு நிற்கும் இடத்தில் கர்சரை வைத்து எஃப்5 கீயை அழுத்தினால் எத்தனை ஹெர்ட்ஸ் என்று எண்ணாகவே வரும்.

என் முதல் பதிவில் மேல் சட்ஜம் 272 என்று வந்தது. வெறும் 5 ஹெர்ட்ஸ்தானே என்று தோன்றும். அது சுமார் 33 சென்ட். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு இடையே உள்ள 100 சென்டில் மூன்றில் ஒரு பங்கு. காது கேட்டால் முகம் சுளிக்கும் அளவு. பாடும்போது எனக்கு அது தெரியவே இல்லை. மூச்சு குறையும் வரிகளின் முடிவில்தான் இப்படி இறங்குகிறது என்பதும் கோட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மூச்சு எடுக்கும் இடத்தை ஒரு சொல் முன்னால் மாற்றினேன். இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது.

தாளம் ஓடுகிறதா?

போட்டியில் பாடும் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும் வியாதி, போகப் போக வேகம் கூடுவது. இதை ஆடாசிட்டியிலேயே பிடித்துவிடலாம். பதிவை ஓட விட்டு, ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் சமத்திலும் கன்ட்ரோல் + எம் அழுத்தவும். அந்த இடத்தில் ஒரு லேபிள் விழும். முடிந்ததும் 'எக்ஸ்போர்ட் லேபிள்ஸ்' மூலம் டெக்ஸ்ட் பைலாகச் சேமித்து, எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறக்கவும். ஒரு வரிசையின் நேரத்திலிருந்து முந்தைய வரிசையின் நேரத்தைக் கழித்தால் ஒவ்வொரு ஆவர்த்தனமும் எத்தனை நொடி பிடித்தது என்று தெரிந்துவிடும். அதையே ஒரு சார்ட்டாகப் போட்டுப் பார்க்கலாம்.

நான் எடுத்துக் கொண்டது முத்துசுவாமி தீட்சிதரின் 'கமலாம்பிகே'. நவாவரணக் கிருதிகளுக்கு முன்னால் வரும் தியானக் கிருதி. தோடி ராகம், ரூபக தாளம். ரூபகம் சிறிய தாளம் என்பதால் நான்கு ஆவர்த்தனத்துக்கு ஒரு லேபிள் போட்டேன். பல்லவியில் சமமாக இருந்த கோடு, கல்பனாஸ்வரத்தில் படிக்கட்டு போல இறங்கியது. மிருதங்கக்காரர் என்னைத் துரத்துகிறார் என்று அதுவரை அவரிடம் குறைபட்டுக் கொண்டிருந்தேன். ஓடியது நான்தான்!

இரண்டாம் போட்டி: கம்ப்யூட்டரை நம்பிய கதை

இப்போது என் தவறுக்கு வருகிறேன். சட்ஜமும் பஞ்சமமும் சரியானதும் எனக்கு ஆசை கூடியது. மற்ற ஸ்வரங்களையும் 'சரி' செய்யத் தொடங்கினேன். தோடியின் காந்தாரம் சாதாரண காந்தாரம். என் சுருதிக்கு அது சுமார் 166 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். நான் பாடியதை வரைந்து பார்த்தால், கோடு 150க்கும் 185க்கும் நடுவே ஊஞ்சல் ஆடுகிறது. 166இல் ஒரு கணம்கூட நிற்கவில்லை. என் குரல் நடுங்குகிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூன்று மாதம் காந்தாரத்தை இழுத்துப் பிடித்துப் பழகினேன். கோடு நேரானது. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த செமஸ்டரில் ஐயா வீட்டுக்குப் போவதையும் குறைத்துக் கொண்டேன். கம்ப்யூட்டர்தான் சொல்லிக் கொடுக்கிறதே!

போட்டியில் மணி அடிப்பதற்குள் முடித்தேன். சுருதி விலகவில்லை. தாளம் ஓடவில்லை. ஆனால் முதல் மூன்று இடங்களில் என் பெயர் இல்லை. நடுவர்களில் ஒருவரிடம் போய் என்ன குறை என்று கேட்டேன். பெரியவர், பொறுமையாகச் சொன்னார்: "எல்லா ஸ்வரமும் சரியாக இருந்தது தம்பி. தோடிதான் வரவில்லை."

ஊருக்கு வந்து ஐயாவிடம் பாடிக் காட்டினேன். இரண்டு வரியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"என்னய்யா இது, கோடு போட்ட நோட்டுல எழுதுன மாதிரி பாடுத? காந்தாரத்தை யாரு கட்டிப் போட்டது?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "உன் பெட்டியக் கொண்டா. நான் வாசிக்கேன். அது என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றார்.

ஐயாவின் தோடி

கல்லூரித் தோழனின் லேப்டாப்பையும் ஒரு யு.எஸ்.பி. மைக்கையும் கொண்டு போனேன். சுருதிப்பெட்டியை ஓட விட்டு, ஐயா பன்னிரண்டு நிமிடம் தோடி வாசித்தார். வாசலில் ஆட்கள் வந்து நின்று கேட்டார்கள். அவர் வாசிப்பைக் கம்ப்யூட்டரில் யாரும் பதிவு செய்தது அதுதான் முதல் முறை.

நாதஸ்வரத்தின் ஒலி உயரம் அதிகம் என்பதால் பிராடில் அதிகபட்ச அளவை 1,500 ஆக மாற்றினேன். ஆனால் கோடு சரியாக விழவில்லை. சுருதிப்பெட்டியின் ஒலி குறுக்கே வந்து குழப்பியது. எனவே ஆடாசிட்டியில் 'நாய்ஸ் ரிடக்ஷன்' எபெக்டைப் பயன்படுத்தினேன். வாசிப்புக்கு முன்னால் சுருதியும் விசிறியும் மட்டும் ஒலித்த மூன்று நொடியைத் தேர்வு செய்து, 'இதுதான் இரைச்சல்' என்று காட்டினேன். அது சொன்னபடி கேட்டது. விசிறிச் சத்தம் போனது, சுருதியும் போனது. கோடு தெளிவாக விழுந்தது.

திரையில் ஐயாவின் காந்தாரம் என்னுடையதைவிடப் பெரிய ஊஞ்சலாக ஆடிக் கொண்டிருந்தது. ஆனால் தாறுமாறாக இல்லை. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து எழுந்து மத்தியமத்தைத் தொட்டுத் திரும்பும் ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. கீழே இறங்கி வரும்போது ஒரு விதம், மேலே போகும்போது ஒரு விதம். கம்ப்யூட்டர் பிழை என்று எனக்குக் காட்டவே இல்லை. அது வரைந்தது வெறும் கோடு. பிழை என்று படித்தது நான்.

1904இல் ஒரு 'பைல் பார்மட்'

இந்தச் சிக்கலை எங்கள் பக்கத்திலேயே ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு முன் சந்தித்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். வெளிநாட்டு வாத்தியமான வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்த முன்னோடிகளில் ஒருவர். அவருடைய மகள் வயிற்றுப் பேரன், சுவீகாரப் பிள்ளை சுப்பராம தீட்சிதர் (1839 - 1906).

1890களில் ஏ.எம்.சின்னசாமி முதலியார் என்பவர் நம் கிருதிகளை மேல்நாட்டு இசைக்குறிகளில் எழுதி அச்சிட்டு வந்தார். தீட்சிதர் கிருதிகளுக்காக அவர் சுப்பராம தீட்சிதரை நாடினார். பிறகு அவருடைய தூண்டுதலாலும் எட்டயபுரம் மன்னரின் ஆதரவாலும் 1904இல் வெளிவந்தது 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. அச்சான இடம் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடம். எழுத்து தெலுங்கு. தீட்சிதரின் 200க்கும் மேற்பட்ட கிருதிகள் ஸ்வரக்குறிப்புடன் இதில் உள்ளன. பின்னர் சென்னை மியூசிக் அகாடமி இதைத் தமிழில் வெளியிட்டது.

ஸ்வரத்தை மட்டும் எழுதினால் ராகம் வராது என்பது சுப்பராம தீட்சிதருக்குத் தெரியும். எனவே கம்பிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஒரிகை என்று கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளை ஸ்வரத்தின் மேல் போட்டு அச்சிட்டார். நம் பாஷையில் சொன்னால், வெறும் டெக்ஸ்ட் பைலில் பார்மட்டிங்கையும் சேர்த்துச் சேமித்த மாதிரி. தோடியின் ஆட்டம் ஸ்வரத்தின் மேல் ஒட்டிய தூசி இல்லை, அதுவும் டேட்டாதான் என்று எட்டயபுரத்தில் அச்சுக் கோத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரைமணி பஸ் தூரத்தில் இன்ஜினியரிங் படித்த எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குறிகளைப் பார்த்துப் பாடினால் மட்டும் தோடி வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். குறி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். எப்படி என்பதைக் குரு பாடித்தான் கேட்க வேண்டும். நான் மறுபடி ஐயா வீட்டுத் திண்ணைக்குப் போனேன்.

மூன்றாம் போட்டி

கடைசி ஆண்டு, 2018. வேலைக்கு ஆர்டர் கையில் வந்துவிட்டது. இந்த முறை வேலையைப் பிரித்துக் கொண்டேன். நிற்கும் ஸ்வரங்கள், ஆவர்த்தன நேரம், 15 நிமிடக் கணக்கு - இவை கம்ப்யூட்டருக்கு. காந்தாரம், தைவதம், ஆலாபனையின் போக்கு - இவை ஐயாவுக்கு. வாரம் ஒரு நாள் பதிவு, மற்ற நாளெல்லாம் திண்ணை.

இரண்டாம் இடம் கிடைத்தது. பல்கலைக்கழகத்துக்கு ஒருவர்தான் என்பதால் அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. முதல் இடம் பெற்ற மாணவி என்னைவிட நன்றாகவே பாடினார். அன்றைய பதிவை ஐயாவுக்கு ஹெட்போன் மாட்டிக் கேட்க வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "காந்தாரம் வந்துட்டு. தைவதத்துக்கு இன்னும் நாலு வருசம் ஆகும்" என்றார். பரிசு எத்தனையாவது என்று அவர் கேட்கவில்லை. அப்பா மட்டும் சர்டிபிகேட்டை வாங்கிக் கடையில் மாட்டி வைத்தார்.

நான் இழந்தது

ஐயா 2021இல் காலமானார். சில மாதம் கழித்து அவருடைய மகன் போன் செய்தார். "தம்பி, அப்பா வாசிச்சதை அன்னைக்குப் பதிஞ்சீங்கள்லா? வருசத் திதிக்கு வீட்டுல போடணும்" என்றார். உடனே அனுப்பினேன். மறுநாள் அவரே கேட்டார்: "எல்லாம் நல்லாருக்கு. ஒத்தைக் காணோமே?"

நாதஸ்வரத்துக்குப் பின்னால் இடைவிடாமல் ஒலிக்கும் சுருதியைத்தான் எங்கள் பக்கம் ஒத்து என்பார்கள். நான் 'இரைச்சல்' என்று காட்டி நீக்கியது அதைத்தான். நீக்கியதோடு நிற்காமல், எக்ஸ்போர்ட் செய்யும்போது அதே பெயரைக் கொடுத்தேன். இந்தப் பெயரில் பைல் ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லை என்று யோசிக்காமல் 'எஸ்' கொடுத்தேன். மூலப்பிரதி அத்தோடு போனது.

பிறகு தம்புரா ஒலியை இன்னொரு டிராக்கில் சேர்த்துப் பார்த்தேன். கேட்பதற்குப் பரவாயில்லை. ஆனால் ஐயா சட்ஜத்தில் வந்து இறங்கி, ஒலி மெல்லத் தேயும் இடங்களில் அந்த வால் அறுந்து கிடக்கிறது. அதை எந்த சாப்ட்வேராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அவர் வாசித்ததற்கு வேறு பதிவு எங்கும் இல்லை.

நாய்ஸ் ரிடக்ஷன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது ஆச்சரியமில்லை. மாறாமல் ஒரே மாதிரி ஒலிப்பது இரைச்சல் என்று வைத்துக் கொண்டுதான் அந்த எபெக்ட் எழுதப்பட்டிருக்கிறது. நம் சங்கீதத்திலோ மாறாமல் ஒலிப்பதுதான் ஆதாரம்.

ஆன்லைன் போட்டியில் கவனிக்க வேண்டியவை

2020இல் கொரோனா வந்த பிறகு பல போட்டிகள் முதல் சுற்றை வீடியோவாகவோ நேரலையாகவோ வாங்கத் தொடங்கின. அங்கேயும் இதே சிக்கல்தான்.

* வீடியோ கால் புரோகிராம்கள் தம்புராவை ஏ.சி. சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். ஜூம் என்றால் ஆடியோ செட்டிங்கில் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை இயக்கவும். மற்றவற்றில் நாய்ஸ் சப்ரஷனை நிறுத்தவும்.

* மைக் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் அதையும் நிறுத்தவும். இல்லையென்றால் நீங்கள் மெதுவாகப் பாடியதும் உரக்கப் பாடியதும் ஒரே அளவில் கேட்கும்.

* பக்கவாத்தியக்காரர்கள் வேறு ஊரிலிருந்து நேரலையில் சேர முயல வேண்டாம். இண்டர்நெட்டில் ஒலி வந்து சேரும் தாமதத்தால் தாளம் ஒட்டாது. ஒரே அறையில் உட்காருங்கள்.

* பாடிய குரலை ஆட்டோ டியூன் போன்ற எபெக்டுகளால் திருத்தி அனுப்பாதீர்கள். அது நேர்மையும் இல்லை, கமகத்தையும் அது சமமாக்கிவிடும். என் இரண்டாம் போட்டியின் தோடி மாதிரி ஆகிவிடும்.

கடைசியாக ஒரு வார்த்தை

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பாடத் தெரிந்த, வாசிக்கத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், போட்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பதிவு செய்யுங்கள். மொபைல் போன் போதும். பதிவு செய்த பைலின் பெயரில் தேதியையும் ராகத்தையும் சேருங்கள். 'மூலம்' என்று ஒரு போல்டர் உருவாக்கி அதில் போட்டு, ரீட் ஒன்லி ஆக்கிவிடுங்கள். ஒரு பிரதி பென் டிரைவிலும் ஒரு பிரதி இண்டர்நெட் சேமிப்பிலும் இருக்கட்டும். எந்த எபெக்ட் போடுவதென்றாலும் வேறு பெயரில் நகலெடுத்து, அதில் போட்டுப் பாருங்கள்.

போட்டிக்குத் தயாராகும் தம்பி, தங்கைகளே! சட்ஜம் எங்கே நின்றது, சமம் எங்கே விழுந்தது என்று கம்ப்யூட்டரிடம் கேளுங்கள். தயங்காமல் சொல்லும், முகஸ்துதி செய்யாது. ராகம் வந்ததா என்று குருவிடம் கேளுங்கள். நீங்கள் வெற்றி பெற என் வாழ்த்துகள்.